பதில் எங்கள் இலாகா அல்ல

கேள்வி கேட்கத் தெரியவில்லையே என்று கொல்லிமலையில் அதுவரை யாரும் வருத்தப்பட்டதில்லை. பன்றி வந்தால் சுடுவார்கள். மழை வந்தால் நனைவார்கள். ஊர்க்கவுண்டர் கூப்பிட்டால் போவார்கள். ஆனால் சீமையில் யுத்தம் மூன்றாம் வருஷமாக நடந்துகொண்டிருந்தபோது, சென்னைப் பட்டணத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த சில பெரியவர்களுக்கு ஒரு கவலை வந்துவிட்டது. ஜெர்மனிக்காரன் ஆகாயத்திலிருந்து குடை பிடித்து இறங்கினால் எங்கே இறங்குவான்? கீழ்நாட்டில் இறங்க மாட்டான், அங்கே வெயில் அதிகம். மலையில்தான் இறங்குவான். இறங்குகிறவனை மலைக்காரன் எந்தப் பாஷையில் விசாரிப்பான்?

கவலை வந்தால் அதற்கு ஓர் இலாகா வரவேண்டும் என்பது சர்க்கார் வழக்கம். 'மலைப்பிரதேச அந்நியர் விசாரணைப் பயிற்சி இலாகா' பிறந்தது. இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியதால் மலையில் எல்லோரும் அதைக் கேள்வி இலாகா என்றே சொன்னார்கள்.

கேள்வி இலாகா மலைக்கு வந்ததும் செய்த முதல் வேலை, துப்பாக்கிகளைப் பறித்துக்கொண்டது. மலையின் பிரிவுகளில் ஒன்றான குண்டூர் நாட்டில், பொன்னன் என்ற குடியானவன் குடியிருந்த ஊரில் வீட்டுக்கு வீடு கரிமருந்து இடித்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி உண்டு. அத்தனையையும் கட்டுக் கட்டாகக் கட்டிச் செம்மேட்டில் இருந்த இலாகா முகாமுக்குத் தூக்கிப் போனார்கள். ஏன் என்று கேட்டதற்கு இலாகாவின் மலை வாத்தியார் அர்த்தனாரி விளக்கம் சொன்னார்.

"கையில துப்பாக்கி இருக்குது, கேக்கறதுக்கு வாயில கேள்வி இல்லைன்னா என்ன பண்ணுவீங்க? சுட்டுப்போட்டுத்தான் கேப்பீங்க. சர்க்காருக்கு முதல்ல கேள்வி, அப்புறம்தான் சுடறது. ஜெர்மன்ல அஞ்சு கேள்வி பாடம் பண்ணிப் பரிச்சையில தேறுங்க, துப்பாக்கி தானா வந்துரும். ஆனா ஊருல ஒரே ஒருத்தரு தவறுனாலும் ஒருத்தருக்கும் கிடையாதுங்க."

எல்லோரையும்விடப் பொன்னனுக்குத்தான் துப்பாக்கி அவசரம். அவனுடைய சாமைக்காடு சோலைக்காட்டை ஒட்டிய கடைசிக் காடு. பன்றிக் கூட்டம் இறங்கினால் முதல் பந்தி அவன் காட்டில்தான். கதிர் முற்றத் தொடங்கியிருந்தது. கிழக்குச் சரிவைப் பன்றிகள் ஏற்கெனவே உழுது போட்டாற்போல் ஆக்கிவிட்டிருந்தன. மிச்சமிருந்த மேற்குச் சரிவுதான் அந்த வருஷத்துச் சோறு.

"இதும் போச்சுன்னா நான் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எடப்புளி நாட்டுக்கு எங்காயி ஊட்டுக்குப் போயிருவேன்" என்றாள் அவன் மனைவி இருசாயி. "நீ இங்கயே இருந்து ஜெர்மனிக்காரனுக்குச் சோறாக்கிப் போடு."

அவள் சொன்னால் சொன்னதுதான். போன பஞ்சத்தில் ஒரு தடவை போய்விட்டு, மழை பிடித்த பிறகுதான் திரும்பி வந்தாள். ஆகையால் பொன்னன் ஜெர்மன் கற்றுக்கொள்ளக் கிளம்பினான்.

அர்த்தனாரி கெட்ட மனிதர் இல்லை. சேலத்தில் சாயப்பொடி விற்கிற கடையில் குமாஸ்தாவாக இருந்தவர். டப்பாக்களில் ஜெர்மன் எழுத்து இருந்ததால் அவருக்கு அந்தப் பாஷை தெரியும் என்று யாரோ மேலே எழுதிப்போட்டுவிட்டார்கள். சென்னைக்குக் கூப்பிட்டு அவசரப் பயிற்சி கொடுத்து மலையேற்றிவிட்டார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஐந்து கேள்விகள்தாம். ஆனால் அவற்றை நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார்.

"வெயர் ஸிண்ட் ஸீ? நீங்க யாரு. வீ ஹைசன் ஸீ? உங்க பேரென்ன. வோஹேர் கொம்மன் ஸீ? எங்கிருந்து வாரீங்க. வோஹின் கேயன் ஸீ? எங்க போறீங்க. வாஸ் இஸ்ட் தாஸ்? இது என்னது. அவ்வளவுதானுங்க, இதுக்கு மேல ஜெர்மன்ல ஒண்ணும் இல்லை."

வார்த்தைகளின் வரிசைதான் முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. அர்த்தனாரி மூன்று பேரை எழுப்பி ஒருவர் பின் ஒருவராக நிற்க வைத்தார். மலைப்பாதையில் சுமை போகிற மாதிரி என்றார். முன்னால் கொடுவாள் பிடித்து வழி வெட்டுகிறவன், அவன்தான் கேள்விச் சொல். அவன் பின்னால் சுமை தூக்குகிறவன், அது செய்கிற வேலையைச் சொல்லும் சொல். கடைசியில் கைவீசி வருகிற ஆள், அது 'நீங்க'. கொடுவாள் முன்னே, சுமை நடுவே, ஆள் பின்னே. இதைக் கேட்டதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. நடக்கிற வரிசை தெரியாத மலைக்காரன் உண்டா? ஊர்க்கவுண்டர் செங்கோடன், பல்லில்லாத வாயால், ஒரே மூச்சில் நான்கு கேள்வி கேட்டுக் கைதட்டல் வாங்கினார். பிறகு ஒரு சந்தேகம் எழுப்பினார்.

"வாத்தியாரே, நாம கேட்டா அவன் என்னமோ சொல்லுவானில்ல? அதை எப்படித் தெரிஞ்சுக்கறதுங்க?"

அர்த்தனாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதில் எங்க இலாகா இல்லீங்க. பதிலுக்குத் தனி இலாகா வைக்கறதுக்குச் சிம்லாவுல யோசனை பண்ணிக்கிட்டிருக்காங்க. அது வரைக்கும் நாம கேக்கறதோட சரி."

"அப்ப அவன் சொல்றது நெசமா பொய்யான்னு..."

"அதுக்குச் சரிபார்ப்பு இலாகா வருமுங்க. முதல்ல பதில் இலாகா வரட்டும்."

செங்கோடன் ஆழ்ந்து யோசித்துவிட்டு, சர்க்கார் காரியம் சர்க்காருக்குத்தான் தெரியும் என்று உட்கார்ந்துவிட்டார்.

பொன்னனுக்கு வரிசையில் தகராறு இல்லை, உச்சரிப்பிலும் தகராறு இல்லை. நான்காவது கேள்வியில்தான் மாட்டிக்கொண்டான். எங்கே போறீங்க என்று ஒருவனைப் பார்த்துக் கேட்கலாமா? போகிற காரியம் உருப்படுமா? தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டாலும் அவனை உட்கார வைத்து, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் பொறுத்துப் புதிதாகப் புறப்படச் சொல்ல வேண்டும். பொன்னன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, அதுவும் மாமனாரைப் பார்த்து, வாய் தவறிக் கேட்டுவிட்டான். அன்றைக்கு மாமனார் வாங்கிவந்த எருது, கொம்பு ஒன்று இல்லாமல் வந்து சேர்ந்தது. இருசாயி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

"ஏனுங்க, அந்த நாலாவதை மட்டும் உட்டுரலாமுங்களா?" என்று கெஞ்சினான். "இல்லைன்னா 'தூரமுங்களா'ன்னு கேக்கறேன். மரியாதையா இருக்கும்."

அர்த்தனாரி அதை மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். மேலிடம் தீர யோசித்து, நான்காவது கேள்வியை விடமுடியாது என்றும், ஆனால் ஜெர்மனிக்காரனுக்கு அபசகுனம் நேராதபடி ஒரு பானைத் தண்ணீரும் ஒரு மணையும் இலாகா செலவில் வழங்கலாம் என்றும் உத்தரவு போட்டது. மணை வந்தது. பானை, மலையேறும்போது உடைந்துவிட்டது. உடைந்த பானையின் மேல் விசாரணை முடியும்வரை பரீட்சை தள்ளிப்போயிற்று. இதற்குள் பன்றிகள் மேற்குச் சரிவின் ஓரத்தைக் கடித்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தன.

பரீட்சைக்கு ஜெர்மனிக்காரன் வேண்டுமே? சாமை வைக்கோலைத் திணித்துக் காக்கி உடுப்பு மாட்டி, தொப்பி வைத்து ஒருவனைச் செய்து சாவடி முன்னால் நிறுத்தினார்கள். ஊரார் ஒவ்வொருவராக அவனிடம் போய் ஐந்து கேள்விகளைக் கேட்டார்கள். அவன் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை என்பதால் பரீட்சை ஒழுங்காக நடந்தது. பொன்னன் மூன்று கேள்வி கேட்டான். நான்காவதில் அவன் வாய் தானாக மூடிக்கொண்டது. வைக்கோல் ஜெர்மனிக்காரனின் முகத்தைப் பார்த்தபோது, பாவம், எந்த ஊரிலிருந்து எந்தக் காரியமாகக் கிளம்பினானோ என்றுதான் இருந்தது. தோற்றுப்போனான். அவனால் ஊரும் தோற்றது. அன்றிலிருந்து ஊரில் அவனிடம் நெருப்புக்கூட யாரும் கேட்கவில்லை.

"அந்த வைக்கோல் ஆளையாச்சும் என் காட்டுல நட்டுக்கறேனுங்க, பன்னி கொஞ்சம் பயப்படும்" என்று கேட்டுப் பார்த்தான்.

"சர்க்கார் சொத்துங்க. எதிரியா இருந்தாலும் சர்க்கார் எதிரி" என்று அர்த்தனாரி மறுத்துவிட்டார். மறுவாரமே பன்றிகள் சாவடி வரைக்கும் வந்து சர்க்கார் எதிரியை வயிறு கிழித்துச் சாய்த்துவிட்டன. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பன்றிகள் தாக்குவதற்கு முன் கேள்வி எதுவும் கேட்டனவா என்பதே முக்கிய வினா. கேட்கவில்லை என்று அர்த்தனாரி வருத்தத்துடன் எழுதினார்.

இந்தச் சமயத்தில்தான் இலாகாவின் ஸ்பெஷல் ஆபீசர் ராவ் சாகிப் ஏகாம்பரநாதன் மலைக்கு வந்தார். ஐந்து கேள்விகளையும் தேர்ந்தெடுத்தவர் அவரே. அதற்காகத்தான் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். செம்மேட்டில் வாழை கட்டி, மேளம் வைத்து அர்த்தனாரி காத்திருந்தார். ராவ் சாகிப்போ சொல்லாமல் கொள்ளாமல் சோதனை போடுவதில் பேர்போனவர். டோலியை அடிவாரப் பாதையோடு திருப்பி அனுப்பிவிட்டு, காக்கிக் கோட்டும் தொப்பியுமாக, கழுத்தில் பைனாகுலர் தொங்க, கக்கத்தில் மலையின் படம் சுருட்டி இடுக்கி, மஞ்சு மூடிய மாலையில் தன்னந்தனியாகப் பொன்னன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

இருசாயி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேண்டாம். மலைத் தண்ணீர் குடித்தால் காய்ச்சல் வரும்" என்றார் ராவ் சாகிப், மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு.

"சோறு இருக்குதுங்க. சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். ஒரு வாய் சாப்பிடுங்க சாமி."

"எனக்கு வேண்டாம் என்றேனே!"

பக்கத்து வீட்டிலிருந்தும் எதிர்வீட்டிலிருந்தும் சோறு வந்தது. எல்லாவற்றையும் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து மறுத்தார். ஊர் கூடிவிட்டது.  மலைக்கு வந்த மனிதனைச் சாப்பிட வைத்த பிறகுதான் பேர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள். பசியோடு நிற்கிறவனைக் கேள்வி கேட்பது மகா பாவம். ஆனால் தண்ணீரே வேண்டாம் என்கிறவனை என்ன செய்வது? ஒரு வீட்டில் கைநனைக்க மாட்டேன் என்பவன் அந்த வீட்டோடு பகை என்றுதான் அர்த்தம். இவனோ ஊர் முழுக்க மறுத்துவிட்டான்.

செங்கோடன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி கட்டினார். தீர்ப்புச் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் நெருங்கி வந்தார்கள்.

"சோறு வேண்டாம்னவன் பகையாளி. அதுல சந்தேகமில்லை. ஆனா சாப்பிடாதவனைத் தமிழ்ல கேக்கறது பாவம். ஜெர்மன்ல கேட்டாப் பாவம்னு நம்ம அப்பன் பாட்டன் யாரும் சொல்லலை. அதுக்குத்தாண்டா சர்க்கார் அந்தப் பாசையைக் குடுத்திருக்குது. பொன்னா, உம்மட வாசலுக்கு வந்திருக்கான். நீயே கேளு."

பொன்னன் ஓர் அடி முன்னால் வந்தான். கொடுவாள் முன்னே, சுமை நடுவே, ஆள் பின்னே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான்.

"வெயர் ஸிண்ட் ஸீ?"

ராவ் சாகிப்பின் முகம் மலர்ந்தது. "பேஷ்! பேஷ்! மேலே!"

"வீ ஹைசன் ஸீ? வோஹேர் கொம்மன் ஸீ?"

அடுத்தது நான்காவது.  பொன்னன் கண்ணை மூடினான். சிதைந்த கிழக்குச் சரிவு தெரிந்தது. மூட்டை கட்டிக்கொண்டு நிற்கிற இருசாயி தெரிந்தாள். என் வீட்டுச் சோற்றைத் தள்ளினவனுடைய காரியம் கெட்டால்தான் எனக்கென்ன என்று ஒரு கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் வார்த்தை தானாக வெளியே வந்துவிட்டது.

"வோஹின் கேயன் ஸீ?" என்றவன், அதே மூச்சில் பைனாகுலரைக் காட்டி, "வாஸ் இஸ்ட் தாஸ்?" என்றும் கேட்டு முடித்தான். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். இருசாயி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை.

"அற்புதம்! இலாகாவின் வெற்றி!" என்றார் ராவ் சாகிப். பிறகு யாரும் கலையாமல் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்தார். "என்ன, போங்கள். பரீட்சை முடிந்தது."

"பதில் சொல்லுங்க" என்றார் செங்கோடன்.

"பதிலா? நான் இந்த இலாகாவின் ஸ்பெஷல் ஆபீசர்!"

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டது. அர்த்தனாரி பாடம் நடத்தியபோது வாரம் தவறாமல் ஒப்பித்த விதி இது: அந்நியன் காக்கி உடுத்தித் தனியாக வருவான், கழுத்தில் பைனாகுலர் இருக்கும், கையில் மலையின் படம் இருக்கும், தமிழ் பேசுவான், நான்தான் சர்க்கார் அதிகாரி என்பான், நம்பக்கூடாது. விதியை எழுதியவரும் ராவ் சாகிப்தான். நாட்டின்மேல் அவருக்கு அத்தனை அக்கறை.

"ஜெர்மன்ல கேட்டா ஜெர்மன்ல சொல்லோணும். சொல்லாதவன் மறைக்கறான்னு விதிங்க" என்றான் பொன்னன், பணிவாக.

"எனக்கு ஜெர்மன் தெரியாதடா, முட்டாளே!"

"கேள்வியெல்லாம் நீங்க எழுதுனதுன்னு வாத்தியாரு சொன்னாருங்களே?"

"கேள்வி எழுத ஜெர்மன் எதற்கு? அதற்கு அகராதி இருக்கிறது, குமாஸ்தா இருக்கிறான்! பதில் சொல்வது எப்போது அதிகாரியின் வேலையாக இருந்திருக்கிறது? இருபது வருஷ சர்வீஸில் நான் ஒரு கேள்விக்காவது பதில் சொல்லியிருக்கிறேனா? பதில் எங்கள் இலாகா அல்ல!"

"அதாங்க, பதில் இலாகா வர்ற வரைக்கும் உங்களைப் பத்தரமா வெக்கோணும்னு விதி சொல்லுது" என்றார் செங்கோடன். "தரைக்கு மேல ஒசரமான எடத்துல, நாலு பக்கமும் பார்வைக்குத் தெரியறாப்பல."

அப்படிப்பட்ட இடம் அந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பொன்னனின் சாமைக்காட்டு நடுவில் நிற்கிற காவல் பரண். எதிரியே ஆனாலும் மரியாதை குறையக்கூடாது என்று, சர்க்கார் அனுப்பிய மணையையும் ஒரு கம்பளியையும் மேலே போட்டு, ராவ் சாகிப்பை நாலு பேர் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, ஏணியை எடுத்துக்கொண்டார்கள். ஏணியை எடுப்பதற்கு முன்பே ஒரு சட்டி சோற்றையும் மேலே வைத்திருந்தாள் இருசாயி. அவர் அதை உதைக்கக் காலைத் தூக்கினார். ஆனால் பரண் ஆடியதால் காலைக் கீழே வைத்துவிட்டார்.

அதன்பிறகு அவர் கத்த ஆரம்பித்தார். பொழுது விடிகிறவரைக்கும் கத்தினார். தமிழில் கத்தினார், இங்கிலீஷில் கத்தினார், கலெக்டர் பெயரைச் சொல்லிக் கத்தினார், கவர்னர் பெயரைச் சொல்லிக் கத்தினார். நடுநடுவே தகரச் சட்டி மூடியைப் பரண் கம்பில் தட்டினார். மலையிலிருந்து மலைக்கு எதிரொலி போய் வந்தது.

விடிந்து ஊரார் காட்டுக்குப் போனபோது பரணிலிருந்து காற்று மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. குரல் அடியோடு போய்விட்டது. பொன்னனைப் பார்த்ததும் ராவ் சாகிப் ரகசியம் பேசுகிறவர்போல் சொன்னார்: "அந்தச் சோறு... ஆறிப்போய்விட்டது. கொஞ்சம் குழம்பு சுடவைத்துத் தருவாயா, அப்பா?"

இருசாயி ஓடிப்போய்க் கொண்டுவந்து, கயிற்றில் கட்டி மேலே அனுப்பினாள். ஒரு சட்டியை முடித்து, இன்னொரு சட்டி கேட்டு, இரண்டு செம்பு மலைத் தண்ணீரும் குடித்தார் ராவ் சாகிப். ஏப்பம் வந்தது. உடனே செங்கோடன் ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். சாப்பிட்டுவிட்டாரே, இனி எப்படிப் பகையாளி?

"இறங்குங்க சாமி. சோறு தின்னாச்சு, இனி நீங்க எங்க விருந்தாளி. இப்பச் சொல்லுங்க, உங்க பேரென்ன?"

ராவ் சாகிப் பேரைச் சொன்னார். ஒருவரும் சந்தேகப்படவில்லை.

அந்த வேளைக்கு அர்த்தனாரி, ராவ் சாகிப்பைக் காணோம் என்று தேடிக்கொண்டு, ஜெர்மனிக்காரன் பிடித்திருந்தால் உதவட்டும் என்று முகாமிலிருந்த துப்பாக்கிக் கட்டுகளைச் சுமந்த சிப்பந்திகளோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். பட்டாளத்துக்குச் சொல்லி அனுப்பலாமா என்று கேட்டார். ராவ் சாகிப் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். பரண்மேல் ராத்தங்கிய சமாசாரம் சென்னைக்குத் தெரிந்தால் தம் கதி என்ன என்று அவர் யோசித்திருக்க வேண்டும். தொண்டையைக் கனைத்து, வராத குரலில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"எல்லாம் என் திட்டப்படியே நடந்தது. அதிகாரி ஒருவரையே கேள்வி கேட்டு, அவர் பதில் தெரியாமல் விழிப்பதைக் கண்டுபிடித்து, அடைத்தும் வைத்துவிட்டார்கள். வேறெந்த மலையிலும் இப்படி நடந்ததில்லை. இனியும் நடக்கக்கூடாது. இந்த ஊர் முதல் வகுப்பில் தேறிவிட்டது. இதற்குமேல் இவர்களுக்கு ஒரு கேள்வியும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அர்த்தனாரி. ஒன்றுகூட வேண்டாம். துப்பாக்கிகளைக் கொடுத்துவிடும்."

ஊரார் முண்டியடித்துக்கொண்டு அவரவர் துப்பாக்கியை வாங்கினார்கள். பொன்னனை மட்டும் காணவில்லை. அவன் மேற்குச் சரிவைச் சுற்றிக்கொண்டிருந்தான். குனிந்து குனிந்து ஓரத்தையெல்லாம் பார்த்தான். சோலையிலிருந்து பன்றித்தடம் காட்டு விளிம்பு வரைக்கும் வந்திருந்தது. வந்து, நின்று, அப்படியே திரும்பி, நாலுகால் பாய்ச்சலில் மறுமலைப் பக்கம் போயிருந்தது. ஒரு கதிர் ஒடியவில்லை. துப்பாக்கி இருந்த வருஷங்களில்கூட இப்படி ஒரு ராத்திரி வாய்த்ததில்லை. பொன்னனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"பொன்னா, இந்தா உன் துப்பாக்கி" என்று அர்த்தனாரி நீட்டினார்.

பொன்னன் அதை வாங்கவில்லை. டோலிக்காகக் காத்து நின்ற ராவ் சாகிப்பை ஒரு தடவை பார்த்தான். பரணை ஒரு தடவை பார்த்தான். பிறகு அர்த்தனாரியின் பக்கத்தில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாகக் கேட்டான்.

"துப்பாக்கியை நீங்களே வெச்சுக்குங்க சாமி. அறுப்பு முடியற வரைக்கும் அய்யாவ மட்டும் இங்க உட்டுட்டுப் போக முடியுமுங்களா? மூணு வேளையும் சோறு போட்டர்றோமுங்க."